"இப்போது வருகிறவர்கள்தான் சரியில்லை" என்ற பேச்சுக்கு எத்தனை வயது? குடியேற்ற வரலாறு பற்றி ஒரு விவாத இழை

வடகாற்று எழுதியது:

வணக்கம் நண்பர்களே. அமெரிக்காவில் இருக்கும் நம் ஆட்களிடம் அடிக்கடி கேட்கிற ஒரு பேச்சு என்னை உறுத்துகிறது. "நாங்கள் வந்தது வேறு, இப்போது வருகிறவர்கள் வேறு." வந்து நிலைத்துவிட்டவர் நேற்று வந்தவரைப் பற்றிச் சொல்கிறார். இந்தப் பேச்சின் வேரைத் தேடிப் போனால் அந்த நாடு பிறப்பதற்கு முன்பே அது இருந்திருக்கிறது.

1751இல் பெஞ்சமின் பிராங்க்ளின் பென்சில்வேனியாவின் ஜெர்மானியர்களைப் பற்றி எழுதியதைப் படித்துப் பாருங்கள். கூட்டம் கூட்டமாக வந்து குவிகிறார்கள், நாம் அவர்களை ஆங்கிலேயர்களாக மாற்றுவது போய் அவர்கள் நம்மை ஜெர்மானியர்களாக மாற்றிவிடுவார்கள் என்று கவலைப்படுகிறார். நிறத்தையும் விடவில்லை, சாக்சன்களைத் தவிர மற்ற ஜெர்மானியர்கள் எல்லாம் மாநிறத்தவர்கள் என்கிறார். இன்றைக்கு இதை யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள்.

அடுத்து ஐரிஷ்காரர்கள். 1845இல் உருளைக்கிழங்குப் பஞ்சம் தொடங்கிப் பத்து வருடத்துக்குள் ஏறத்தாழ 15 லட்சம் பேர் அமெரிக்கா வந்து சேர்ந்தார்கள். அவர்கள் கத்தோலிக்கர்கள், போப்புக்குத்தான் விசுவாசமாக இருப்பார்கள், குடிகாரர்கள், குறைந்த கூலிக்கு வேலை செய்கிறவர்கள் என்றெல்லாம் பேச்சு. இதை மட்டும் வைத்தே ஒரு கட்சி வளர்ந்தது. 'ஒன்றும் தெரியாதவர்கள்' என்று மக்கள் அழைத்த அந்தக் கட்சி, குடியுரிமை பெற 21 வருடம் காத்திருக்க வேண்டும் என்று கேட்டது. 1856 தேர்தலில் அவர்கள் வேட்பாளர் மில்லார்ட் ஃபில்மோர் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஓட்டு வாங்கினார். அது ஓரத்தில் இருந்த சிறு கும்பல் இல்லை.

இதற்கு அப்புறம் வருவதுதான் என்னைத் தூங்கவிடாத பகுதி. 1877இல் சான் பிரான்சிஸ்கோவில் "சீனர்கள் போயே ஆக வேண்டும்" என்று மேடைதோறும் முழங்கிய டெனிஸ் கியர்னி யார்? அயர்லாந்தில் கார்க் மாவட்டத்தில் பிறந்து கப்பலேறி வந்த ஓர் ஐரிஷ்காரர்! முந்தின தலைமுறை ஐரிஷ்காரர்கள் எதையெல்லாம் கேட்டு வதைபட்டார்களோ அதையே சீனர்களைப் பார்த்துச் சொன்னார். குறைந்த கூலி, அந்நிய மதம், நம்மோடு கலக்க மாட்டார்கள். ஐந்தே வருடத்தில், 1882இல், சீனத் தொழிலாளர்கள் வரவே கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. ஓர் இனத்தின் பெயரைச் சொல்லி அமெரிக்கா கதவடைத்த முதல் பெரிய சட்டம் அது. அதை முழுதாக நீக்க 1943 வரை ஆனது, அதுவும் வருடத்துக்கு 105 பேர் என்ற அளவோடு.

1891இல் நியூ ஆர்லியன்ஸில் 11 இத்தாலியர்களைக் கும்பல் சிறைக்குள் புகுந்து கொன்றது. 1924இல் இத்தாலியர், யூதர், கிரேக்கர், போலந்துக்காரர் எல்லாரையும் குறைக்கத் திட்டமிட்டே ஒரு கணக்குப் போட்டார்கள்: 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒவ்வொரு நாட்டில் பிறந்தவர்களும் எத்தனை பேர் இருந்தார்களோ அதில் 2 சதவீதம் மட்டும் வரலாம். 1910, 1920 கணக்குகள் கையில் இருந்தும் ஏன் 1890? அப்போது தெற்கு, கிழக்கு ஐரோப்பியர்கள் அதிகம் வந்திருக்கவில்லை. முந்தைய காலத்தில் வருடத்துக்கு 2 லட்சம் பேர் வந்த இத்தாலிக்கு 4,000க்கும் குறைவான இடம் மிஞ்சியது.

இன்று ஜெர்மானியரோ ஐரிஷ்காரரோ இத்தாலியரோ அங்கே யாருக்கும் அந்நியர் இல்லை. நான் கேட்பது ஒன்றுதான். மனசு எப்படி மாறியது? தானாக மாறியதா, எதாவது மாற்றியதா?

---

நிலாமுற்றம் எழுதியது:

நல்ல தொடக்கம் வடகாற்று. ஒன்று சேர்க்கிறேன். "என் தாத்தா சட்டப்படி வந்தார்" என்று பெருமையாகச் சொல்கிற ஐரோப்பிய வம்சாவளியினர் நிறைய. எல்லிஸ் தீவு 1892இல் திறந்து 1954இல் மூடப்பட்டது, அதன் வழியாக வந்தவர்கள் சுமார் 1 கோடியே 20 லட்சம் பேர். திருப்பி அனுப்பப்பட்டவர்கள் ஏறக்குறைய 2 சதவீதம்தான். கண்ணைப் பார்த்தார்கள், நெஞ்சைப் பார்த்தார்கள், பெயரையும் சில கேள்விகளையும் கேட்டார்கள், பெரும்பாலானோர் அன்றைக்கே வெளியே வந்துவிட்டார்கள். தூதரகத்தில் விசா வாங்கிக்கொண்டுதான் கப்பலேற வேண்டும் என்ற முறை 1924 சட்டத்தோடுதான் நிலைத்தது. அதாவது அந்தத் தாத்தா மீறுவதற்கு அன்றைக்குச் சட்டமே பெரிதாக இல்லை.

அதே காலத்தில் மறுகரையில், சான் பிரான்சிஸ்கோ பக்கம் ஏஞ்சல் தீவில், சீனர்களை வாரக்கணக்கில், சிலரை மாதக்கணக்கில் அடைத்துவைத்து விசாரித்தார்கள். உங்கள் ஊரில் கிணறு எந்தப் பக்கம், வீட்டுக்கு எத்தனை படி என்றெல்லாம் கேள்வி. அவர்கள் சுவரில் செதுக்கிய சீனக் கவிதைகள் இன்றும் இருக்கின்றன.

---

எதிர்க்கரை எழுதியது:

வடகாற்று, நீங்கள் சொன்ன உண்மைகளில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் எல்லா எதிர்ப்பையும் வெறுப்பு என்று ஒரே மூட்டையாகக் கட்டுவதை ஏற்க முடியாது. கூலி வேலை செய்கிறவனுக்கு இன்னும் குறைந்த கூலிக்கு ஆள் வந்தால் பயம் வரும், அது இயல்பு. அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்பை உருவாக்கிய சாமுவேல் காம்பர்ஸ் லண்டனில் பிறந்து சிறுவனாக அமெரிக்கா வந்த யூதர். அவரே குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தச் சொன்னார். சீசர் சாவேஸ் மெக்சிகோ வம்சாவளியைச் சேர்ந்தவர், பண்ணைத் தொழிலாளர்களின் தலைவர், 1970களில் வேலைநிறுத்தத்தை முறிக்க எல்லை தாண்டி ஆட்களைக் கொண்டுவந்தபோது அவர்களை எதிர்த்து நின்றார். இவர்களை எல்லாம் இனவெறியர்கள் என்பீர்களா?

உங்கள் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்கிறேன், பலருக்குப் பிடிக்காது. மனசு மாறியதற்கு 1924இல் கதவை மூடியதும் ஒரு காரணம். 1910இல் அமெரிக்க மக்களில் வெளிநாட்டில் பிறந்தவர்கள் 14.7 சதவீதம், 1970இல் 4.7 சதவீதம். அந்த இடைவெளியில் இத்தாலிய, யூத, போலிஷ் பிள்ளைகள் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்து, ஒரே தொழிற்சங்கத்தில் சேர்ந்து, ஒரே போரில் சண்டைபோட்டு, அப்புறம் கலந்து கல்யாணமும் செய்துகொண்டார்கள். புது ஆட்கள் வந்துகொண்டே இருந்திருந்தால் பழையவர்கள் மீதான பயமும் அடங்கியிருக்காது. ஊர் மூச்சுவிட நேரம் கிடைத்தது.

---

வடகாற்று எழுதியது:

எதிர்க்கரை, பதில் சொல்ல வேண்டிய வாதம் இது, தள்ளிவிட மாட்டேன். கூலி பற்றிய பயம் உண்மையானது, காம்பர்ஸ் பற்றிச் சொன்னதும் சரி. ஆனால் அவர் சீனர்களுக்கு எதிராக எழுதியதைப் படித்தால் கூலிக் கணக்கோடு நிற்கவில்லை என்பதும் தெரியும்.

'மூச்சுவிட நேரம்' என்ற வாதத்தை ஜப்பானியர்களை வைத்துச் சோதித்துப் பாருங்கள். 1924 சட்டம் ஜப்பானியர் வரவை முழுக்கவே நிறுத்தியது. அவர்களுக்கு எதிராகக் கதவு மூடியது இத்தாலியரைவிட இறுக்கமாக. பதினெட்டு வருடம் புது ஆள் இல்லை. பிள்ளைகள் அங்கேயே பிறந்து, ஆங்கிலம் பேசி, பேஸ்பால் ஆடி வளர்ந்தார்கள். உங்கள் கணக்குப்படி பயம் குறைந்திருக்க வேண்டும் அல்லவா? 1942இல் சுமார் 1,20,000 பேரை வீடு, கடை, நிலம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு முள்வேலி முகாம்களுக்குப் போகச் சொன்னார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் பிறப்பால் அமெரிக்கக் குடிமக்கள். ஜெர்மனியோடும் இத்தாலியோடும்கூட அன்று போர்தான், ஆனால் அந்த வம்சாவளியினரை இப்படி மொத்தமாக வாரிக்கொண்டு போகவில்லை. அரசு மன்னிப்புக் கேட்டு ஆளுக்கு 20,000 டாலர் கொடுக்க 1988 வரை ஆனது.

ஆகவே மூடிய கதவு ஒருவருக்கு அமைதியும் இன்னொருவருக்கு முகாமும் தந்திருக்கிறது என்றால் காரணம் வேறெங்கோ இருக்கிறது. ஐரோப்பியர்களுக்குக் குடியுரிமை, ஓட்டு, நிலம் வாங்கும் உரிமை எல்லாம் முதலிலிருந்தே இருந்தன. 1790 சட்டத்தில் 'சுதந்திர வெள்ளையர்' குடிமகனாகலாம் என்று எழுதியிருந்தது, அந்த வாசலுக்குள் எவ்வளவு திட்டினாலும் இத்தாலியர் நுழைய முடிந்தது. ஓட்டு இருந்ததால் அரசியல்வாதி அவர்கள் தெருவுக்கு வந்து கும்பிட்டான். ஆசியர்களுக்கு அந்த வாசலே இல்லை.

அந்த மூடிய கதவுக்கு விலையும் உண்டு. 1939 மே மாதம் செயின்ட் லூயிஸ் கப்பலில் 937 பேர், பெரும்பாலும் ஜெர்மனியிலிருந்து தப்பிய யூதர்கள். ஒரு சிலரைத் தவிர யாரையும் கியூபா இறங்கவிடவில்லை, அமெரிக்காவும் விடவில்லை, கனடாவும் ஏற்கவில்லை. கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பியது. அவர்களில் 254 பேர் நாஜிப் படுகொலையில் இறந்தார்கள். அதே ஆண்டு ஜனவரியில் கருத்துக்கணிப்பு நடத்தும் கேலப் நிறுவனம் கேட்டது, ஜெர்மனியிலிருந்து 10,000 அகதிக் குழந்தைகளை, பெரும்பாலும் யூதக் குழந்தைகளை, நம் வீடுகளில் வளர்க்கக் கொண்டுவரலாமா என்று. 61 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். குழந்தைகளை!

---

பழைய_ஏடு எழுதியது:

'ஆசியர்களுக்கு வாசலே இல்லை' என்றதில் இந்தியர்களும் அடக்கம் என்பதை நம்மவர்கள் நிறையப் பேர் மறந்தே போனார்கள், ஏனென்றால் இன்று அமெரிக்காவில் இருக்கும் இந்தியர்களில் பெரும்பாலோர் 1965க்குப் பிறகு வந்த கதையைத்தான் கேட்டு வளர்ந்திருக்கிறார்கள்.

1907 செப்டம்பர், வாஷிங்டன் மாநிலத்தில் பெல்லிங்ஹாம். மர ஆலைகளில் வேலை செய்துகொண்டிருந்த பஞ்சாபிகளை, பெரும்பாலும் சீக்கியர்களை, நூற்றுக்கணக்கான வெள்ளையர்கள் தங்குமிடங்களிலிருந்து இழுத்துப் போட்டு விரட்டினார்கள். சில நாட்களுக்குள் ஊரில் ஒரு இந்தியர் மிச்சமில்லை. 

1923இல் பகத் சிங் திண்ட் வழக்கு. முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர், தலைப்பாகையோடு. மானுடவியல் கணக்குப்படி வட இந்தியரும் 'காக்கேசியர்' என்பதால் தானும் வெள்ளையர்தான் என்று வாதாடினார் (அந்த வாதத்தில் சாதிப் பெருமையும் கலந்திருந்தது, அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்). உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தள்ளியது, சாதாரண மனிதன் யாரை வெள்ளையன் என்று நினைக்கிறானோ அவன்தான் வெள்ளையன் என்று. தீர்ப்போடு போகவில்லை, ஏற்கெனவே குடியுரிமை பெற்ற இந்தியர்களிடமிருந்தும் அதைப் பறிக்க ஆரம்பித்தார்கள்.

அப்படிப் பறிகொடுத்தவர் வைஷ்ணோ தாஸ் பகாய். 1915இல் மனைவி பிள்ளைகளோடு சான் பிரான்சிஸ்கோ வந்தவர், கடை வைத்தவர், பிள்ளைகளை அமெரிக்கர்களாகவே வளர்த்தவர். குடியுரிமை போனதும், குடியுரிமைக்குத் தகுதியில்லாதவர் நிலம் வைத்திருக்கக் கூடாது என்ற கலிபோர்னியாவின் நிலச் சட்டத்தால் சொத்தும் போனது. இந்தியாவுக்குப் போய்வர அமெரிக்கக் கடவுச்சீட்டு கேட்டார், பிரிட்டிஷ் கடவுச்சீட்டு வாங்கிக்கொள் என்றார்கள், எந்த ஆட்சியை வெறுத்து வந்தாரோ அதே ஆட்சியின் கடவுச்சீட்டு. 1928இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார், காரணத்தை எழுதி ஒரு செய்தித்தாளுக்கும் அனுப்பிவிட்டு.

1946இல் இந்தியர்களுக்குக் குடியுரிமை திறந்தது, புதிதாக வருகிறவர்களுக்கு வருடத்துக்கு 100 பேர் என்ற அளவோடு. பத்து வருடம் கழித்து, 1956இல், தலீப் சிங் சௌந்த் கலிபோர்னியாவிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே கலிபோர்னியா, பெரும்பாலும் வெள்ளையர் வாழ்ந்த தொகுதி. சட்டம் முதலில் மாறியது, அப்புறம்தான் அவரால் மேடையேறி ஓட்டுக் கேட்கவே முடிந்தது. வடகாற்று கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்.

---

மலையகன் எழுதியது:

பழைய_ஏடு ஐயா சொன்னதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. சட்டம் மனசை முன்னே இழுத்துப்போகும் என்றீர்கள், பின்னே இழுத்துப்போனதையும் எழுதுகிறேன்.

இலங்கை மலையகத்துக்கு நம் மக்கள் போகத் தொடங்கியது கோப்பிக் காலத்தில், 1820களிலிருந்து. அப்புறம் தேயிலை. துண்டுச் சீட்டு (கடன் விவரச் சீட்டு), கங்காணி (ஆள் சேர்த்து வேலை வாங்குகிறவர்), லயன் வீடு அல்லது லயம் (தோட்டத்து வரிசை வீடு), எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1931இல் எல்லாருக்கும் வாக்குரிமை வந்தது, அவர்களில் பலரும் ஓட்டுப் போட்டார்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களைப் பிடித்தது. மற்ற சில தொகுதிகளில் இடதுசாரிகள் ஜெயிக்கவும் தோட்டத்து ஓட்டு உதவியது. அடுத்த வருடமே குடியுரிமைச் சட்டம். சுமார் 7 லட்சம் பேர் நாடற்றவர்கள். அவர்களில் நிறையப் பேர் அந்த மண்ணிலேயே பிறந்தவர்கள், ஆனால் தகப்பன் பிறந்ததற்கும் பத்திரம் கேட்டால் லயத்தில் பிறந்தவன் எங்கே போவான்?

தமிழர்களே ஒன்றாக நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இந்தக் கேள்வியில்தான் செல்வநாயகம் தமிழ்க் காங்கிரசை விட்டு விலகி 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் அப்புறம் பார்க்கலாம் என்று பிரித்தார்கள். மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மிச்சமிருந்தவர்களை 1974இல் ஆளுக்குப் பாதி என்று பிரித்தார்கள். பிறகு கப்பல், மண்டபம் முகாம், நீலகிரி. கண்ணால் பார்த்திராத 'தாய்நாட்டுக்கு' வந்து இறங்கியவர்களை இங்கே என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள் தெரியுமா? சிலோன்காரர்கள். அங்கே இந்தியாக்காரன், இங்கே சிலோன்காரன். எங்கள் பெரியம்மா குடும்பம் கோத்தகிரிப் பக்கம் வந்தது. அந்தப் பெயர் பேரப்பிள்ளைகள் காலம் வரை ஒட்டிக்கொண்டிருந்தது.

எதிர்க்கரை சொல்லும் 'நேரம்' இங்கே நூறு வருடத்துக்கு மேல் கிடைத்தது. புது ஆட்கள் வருவதும் 1939இல் இந்திய அரசு தடைபோட்டதோடு ஏறக்குறைய நின்றுவிட்டது. அது போதவில்லையே. எஞ்சிய நாடற்றவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

---

நெறியாளர்: உள்நாட்டில் மாநிலம் விட்டு மாநிலம் போகிறவர்களைப் பற்றி வந்த இரண்டு பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே நாடு விட்டு நாடு போவது மட்டும்.

---

பனிக்காலம் எழுதியது:

மலையகன் அண்ணா, உங்கள் பதிவை என் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். நான் கனடாவிலிருந்து எழுதுகிறேன். எங்கட சனத்தின் கதையிலேயே மனசு இரண்டு பக்கமும் மாறியதைப் பார்த்திருக்கிறேன்.

1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்கள் மிதந்துகொண்டிருந்தார்கள். மூடுபனி. உள்ளூர் மீனவர்கள்தான் கண்டு ஏற்றிக் கரைசேர்த்தார்கள். இந்தியாவிலிருந்து நேரே வந்தோம் என்று முதலில் சொன்னார்கள், உண்மையில் மேற்கு ஜெர்மனியிலிருந்து கப்பலில் வந்திருந்தார்கள். அது தெரிந்ததும் பத்திரிகைகளில் கோபம் கொதித்தது. ஆனாலும் அரசு அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை, வேலை செய்யும் அனுமதியோடு தங்கவிட்டது.

2010 ஆகஸ்டில் 'சன் சீ' கப்பல் 492 தமிழர்களோடு பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வந்தது. போர் முடிந்து ஒரு வருடம்தான். இந்த முறை பேச்சு முழுக்கப் பயங்கரவாதிகள், ஆள்கடத்தல், வரிசையை மீறியவர்கள் என்பதுதான். தாய்மாரையும் பிள்ளைகளையும்கூட மாதக்கணக்கில் தடுப்பில் வைத்திருந்தார்கள். அந்த அக்டோபரிலேயே அரசு கடுமையான சட்டமூலம் ஒன்றைக் கொண்டுவந்தது. அப்ப எனக்கு மிகவும் நொந்தது எது என்றால், எங்கட ஆட்களே சிலர் "இவங்களால எங்களுக்கும் கெட்ட பெயர்" என்று கதைத்ததுதான். அப்படிக் கதைத்தவர்களில் முகவருக்குக் காசு கட்டி, வேறொருவரின் கடவுச்சீட்டில் வந்து இறங்கியவர்களும் இருந்தார்கள். நான் அவர்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. அந்தப் பயம் எனக்கு விளங்கும், நாங்கள் இன்னும் முழுதாக ஏற்றுக்கொள்ளப்படவில்லை என்ற பயம் அது. தமக்குக் கிடைத்த இடம் பறிபோய்விடும் என்று நினைக்கிறவர்தான் பின்னால் வருகிறவரைத் தள்ளுகிறார்.

ஆறே வருடத்தில், 2016இல், அதே கனடிய நாடாளுமன்றம் சனவரியைத் தமிழ் மரபுரிமைத் திங்களாக அறிவித்தது. 1914இல் கோமகாட்டா மாரு கப்பலில் வந்த 376 பேரில் பெரும்பாலோரை இரண்டு மாதம் வன்கூவர் துறைமுகத்தில் நிறுத்திவைத்துத் திருப்பி அனுப்பியதற்காகப் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டதும் அதே 2016தான். மன்னிப்பு நல்லதுதான். ஆனால் போனவர்களிடம் மன்னிப்புக் கேட்பதும் வந்துகொண்டிருப்பவர்களைத் தடுப்பில் வைப்பதும் ஒரே காலத்தில் நடக்க முடிகிறது.

---

புதுமாணவன் எழுதியது:

இழையை முழுவதும் படித்தேன். சின்னக் கேள்வி: குடியேறிகள் வந்தால் உள்ளூர்க் கூலி குறையுமா இல்லையா, யாராவது ஒழுங்காக ஆராய்ந்திருக்கிறார்களா?

---

எதிர்க்கரை எழுதியது:

தம்பி, 1980இல் ஏப்ரலிலிருந்து அக்டோபருக்குள் கியூபாவின் மாரியெல் துறைமுகத்திலிருந்து சுமார் 1,25,000 பேர் வந்தார்கள், மயாமியின் உழைப்பாளர் எண்ணிக்கை ஒரே வீச்சில் 7 சதவீதம் போலக் கூடியது. 1990இல் பொருளாதார அறிஞர் டேவிட் கார்டு ஆராய்ந்து கூலியில் பாதிப்பு ஏறக்குறைய இல்லை என்றார். பிறகு ஜார்ஜ் போர்ஹாஸ், தானே சிறுவயதில் கியூபாவிலிருந்து வந்தவர், பள்ளிப்படிப்பை முடிக்காத ஆண்களின் கூலி கணிசமாக விழுந்தது என்றார். அந்தக் கணக்கில் எடுத்துக்கொண்ட ஆட்கள் மிகக் குறைவு என்று மறுப்பும் வந்தது. கார்டுக்கு 2021இல் நோபல் கிடைத்தது, ஆனால் சண்டை ஓயவில்லை. மொத்தக் கூலி பெரிதாக விழுவதில்லை என்பதில் பெரும்பாலான பொருளாதார அறிஞர்கள் ஒத்துப்போகிறார்கள். அடிமட்டத்தில் யாருக்கு எவ்வளவு என்பதில்தான் தகராறு.

இப்போது மற்றவர்களுக்கு. ஜப்பானியர், மலையகம் இரண்டையும் படித்தேன், உரிமை இல்லாமல் நேரம் மட்டும் போதாது என்பது புரிகிறது. ஆனால் கருத்துக்கணிப்பைப் பாருங்கள், இன்னொன்று தெரியும். கேலப் நிறுவனம் குடியேற்றத்தைக் கூட்டலாமா குறைக்கலாமா என்று பல்லாண்டுகளாகக் கேட்கிறது. 1995இல் குறைக்கச் சொன்னவர்கள் 65 சதவீதம். 2020இல் முதன்முறையாகக் கூட்டச் சொன்னவர்கள் (34) குறைக்கச் சொன்னவர்களைத் (28) தாண்டினார்கள். 2024இல் குறைக்கச் சொன்னவர்கள் மறுபடி 55. 2025இல் அது 30ஆக இறங்கியது, குடியேற்றம் நாட்டுக்கு நல்லது என்றவர்கள் 79. ஒரே வருடத்தில் மக்கள் நல்லவர்களாக மாறிவிடவில்லை. எல்லையில் கட்டுப்பாடு இல்லை என்று தோன்றினால் மக்கள் இறுகுகிறார்கள், அரசு அடக்குமுறையில் இறங்கினால் இளகுகிறார்கள். ஒழுங்கு வேண்டும் என்று கேட்பது வெறுப்பு இல்லை, அதை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

---

நிலாமுற்றம் எழுதியது:

எதிர்க்கரை, ஒழுங்கு வேண்டும், சரி. ஒழுங்கின்மை எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டாமா? 1942இலிருந்து 1964 வரை பிரசெரோ என்ற திட்டத்தில் மெக்சிகோ தொழிலாளர்களுக்கு அமெரிக்காவே ஒப்பந்தம் போட்டுக் கொடுத்தது, மொத்தம் 46 லட்சம் ஒப்பந்தங்கள். வந்து அறுவடை செய்தார்கள், திரும்பிப் போனார்கள், மறுபடி வந்தார்கள். 1964இல் திட்டம் முடிந்தது. 1965 சட்டம் மேற்கு அரைக்கோளத்துக்கு முதன்முதலாக எண்ணிக்கை வரம்பு வைத்தது, 1976இல் மெக்சிகோவுக்கு வருடத்துக்கு 20,000 என்றானது. தோட்டமும் அதே, முதலாளியும் அதே, அறுவடைக் காலமும் அதே. வேலைக்கு வந்த அதே ஆள் இப்போது 'சட்டவிரோதி'.

இந்த 1965 சட்டம் பற்றி இன்னொன்று. 1924இன் நாட்டுவாரிக் கணக்கை எடுத்துவிட்டு ஆசியர்களுக்கும் கதவைத் திறந்தது இதுதான். அந்த வருடம் கேலப் கேட்டபோது குடியேற்றத்தைக் கூட்டச் சொன்னவர்கள் 7 சதவீதம்தான்! சுதந்திரதேவி சிலையடியில் கையெழுத்துப் போட்ட அதிபர் ஜான்சன், இது புரட்சிகரமான சட்டம் இல்லை, லட்சக்கணக்கானவர்கள் வாழ்க்கையைத் தொடாது என்றார். அது தொட்ட வாழ்க்கைகளில் நம்மவர்களும் எத்தனை லட்சம். மக்கள் மனசு பழுக்கும்வரை காத்திருந்திருந்தால் அந்தச் சட்டம் எப்போது வந்திருக்கும்?

கலிபோர்னியாவையும் பாருங்கள். 1994இல் சட்டப்படித் தங்கும் ஆவணமில்லாத பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கக்கூடாது என்பதுவரை போன தீர்மானம் 187க்கு 59 சதவீத ஓட்டு விழுந்தது, பிறகு நீதிமன்றம் தடுத்தது. அந்தக் கோபத்தில் ஆயிரக்கணக்கான லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் குடியுரிமை வாங்கி வாக்காளர்களானார்கள். 2017இல் அதே மாநிலம் குடியேறிகளுக்குப் பாதுகாப்புத் தரும் சட்டம் போட்டது. மறுபடியும் ஓட்டுதான்.

---

வரிசையில்_நிற்பவன் எழுதியது:

நான் இந்த இழையைக் கோபத்தோடுதான் படிக்க ஆரம்பித்தேன். எச்-1பி என்ற வேலை விசாவில் வந்தேன், வரி கட்டுகிறேன், ஒரு சட்டத்தையும் மீறியதில்லை. பச்சை அட்டைக்கான (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) வரிசையில் என் முறை வர இன்னும் பல வருடம். அதற்குள் எல்லை தாண்டி வந்தவர்களுக்கு ஏதாவது வழி செய்வார்களோ என்று செய்தி வரும்போதெல்லாம் வயிறு எரியும். இங்கே எழுதுகிறவர்களுக்கு எங்கள் நிலைமை தெரியுமா?

---

வடகாற்று எழுதியது:

தெரியும் நண்பரே, உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் உங்கள் முன்னால் நிற்பது எல்லை தாண்டி வந்தவர் இல்லை. 1990 சட்டம் வேலைவழிப் பச்சை அட்டைக்கு வருடத்துக்கு 1,40,000 என்று வரம்பு வைத்தது, மனைவி பிள்ளைகளையும் அதிலேயே எண்ணுகிறார்கள். எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை. இந்தியாவுக்கும் அதே 7, ஐஸ்லாந்துக்கும் அதே 7. அந்த எண்ணிக்கை முப்பது வருடத்துக்கு மேலாக அப்படியே இருக்கிறது. உங்கள் வரிசையை நீளமாக்கியது அந்தக் கணக்கு. ஆவணமில்லாத ஒருவரை நாளைக்கே நாடு கடத்தினாலும் உங்கள் தேதி ஒரு நாள்கூட முன்னுக்கு நகராது.

2024 டிசம்பரில் எச்-1பி பற்றிச் சமூக ஊடகங்களில் நடந்த சண்டையைப் பார்த்திருப்பீர்கள். குறைந்த கூலிக்கு வருகிறார்கள், தங்கள் ஆட்களையே வேலைக்கு எடுக்கிறார்கள், நம்மோடு கலக்க மாட்டார்கள். கியர்னி மேடையில் பேசியதேதான். சட்டப்படி வந்தீர்கள் என்பதை அவர்கள் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

---

எதிர்க்கரை எழுதியது:

இந்த 7 சதவீத விஷயத்தில் வடகாற்றோடு நான் முழுக்க உடன்படுகிறேன். ஒழுங்காக வந்தவனைத் தண்டிக்கிற ஒழுங்கு எனக்கும் வேண்டாம். மற்றதில் நம் சண்டை தொடரும்.

---

வரிசையில்_நிற்பவன் எழுதியது:

வரம்புக் கணக்கு எனக்கும் தெரியும், ஆனால் இப்படி யோசித்துப் பார்த்ததில்லை. தீர்மானம் 187 பகுதியைப் படித்தபோது ஒன்று உறைத்தது: அந்தக் கலிபோர்னியாக்காரர்களுக்குக் குடியுரிமை வாங்கி ஓட்டுப் போடும் வழி இருந்தது, எனக்கு அது இல்லை. அதனால் எனக்காகப் பேச எந்த அரசியல்வாதிக்கும் அவசரமும் இல்லை.

இன்னொரு உதவி. என் மகள் கைக்குழந்தையாக இங்கே வந்தவள். 21 வயது ஆனதும் என் விசாவைச் சார்ந்து இருக்க முடியாது, மாணவர் விசாவுக்கு மாற வேண்டும், இல்லையென்றால் அவளுக்குப் பழக்கமில்லாத ஊருக்குக் கிளம்ப வேண்டும். அடுத்த வருடம் அந்த நாள் வருகிறது. வயதைக் கணக்கிடும் விதியில் எந்தத் தேதியை எடுப்பார்கள் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இதைக் கடந்து வந்தவர்கள் யாராவது இருந்தால் தனிமடலில் எழுத முடியுமா?

---

நிலாமுற்றம் எழுதியது:

என் அண்ணன் மகனுக்கு இதே நிலைமை வந்தது. அவர்கள் சேர்த்துவைத்த ஆவணப் பட்டியலையும் வழக்கறிஞரிடம் கேட்க வேண்டிய கேள்விகளையும் தனிமடலில் அனுப்பியிருக்கிறேன். 21 ஆகும் வரை காத்திருக்காமல் இப்போதே வழக்கறிஞரைப் பாருங்கள், மாணவர் விசா மாற்ற விண்ணப்பம் முடிவாக நாளாகும்.